ஈர நெல்லும் ஏழாம் பருவமும்: டெல்டாவின் பொறியியல் மாணவருக்கு வணிகப் பாடம் எதற்கு?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி பி.இ., பி.டெக். படிக்கும் மாணவர், பெரும்பாலான துறைகளில், ஏழாம் பருவத்தில் மேலாண்மைத் தாள் ஒன்றை எடுத்தாக வேண்டும். மேலாண்மைக் கோட்பாடுகள், முழுமைத் தர மேலாண்மை, பொறியியல் பொருளாதாரமும் நிதிக் கணக்கியலும், மனிதவள மேலாண்மை, அறிவு மேலாண்மை, தொழிலக மேலாண்மை என்று ஆறு தாள்கள் பட்டியலில் இருக்கின்றன. ஆறில் எது என்பதை மாணவர் தீர்மானிப்பது அபூர்வம். எந்தத் தாளை நடத்த ஆசிரியர் கிடைக்கிறாரோ, எதில் தேர்ச்சி கூடுதலாக இருக்கும் என்று துறை நினைக்கிறதோ, அது வகுப்பு முழுவதற்கும் பொதுவாக வந்து சேரும். மாணவர்களும் வருத்தப்படுவதில்லை. ‘தியரி பேப்பர்தானே, கதை எழுதினாலே பாஸ்’ என்பதுதான் விடுதி அறைகளில் இந்தத் தாளுக்கு உள்ள மதிப்பு.

காவிரி டெல்டாவில் படிக்கும் ஒரு பொறியியல் மாணவருக்கு நான்காண்டுப் படிப்பிலேயே மிகவும் பயன்படக்கூடிய தாள்களில் ஒன்று இப்படிக் கைநழுவிப் போகிறது என்று நினைக்கிறேன். மேலாண்மை என்ற பெயரில் சொல்லிக்கொடுக்கப்படுவது எல்லாமே பயன்படும் என்று நான் சொல்ல வரவில்லை. ஓர் இயந்திரத்தை நான்கு பேருடைய கணக்குப் புத்தகத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். அந்தப் பழக்கத்தை வேறு எந்தத் தாளும் தருவதில்லை. அது இல்லாத பொறியாளர் திறமையான இயந்திரத்தைச் செய்வார். அதை யார் வாங்குவார், யார் வாங்க மாட்டார், வாங்கினால் யாருடைய வருமானம் குறையும் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

பொறியாளருக்குப் பணக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்ற வாதம் பழையது. யேல் பூட்டு நிறுவனத்தை நடத்திய ஹென்றி டவுன் 1886-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் பொறியாளரைப் பொருளியலாளராகப் பார்க்கும் ஒரு கட்டுரையைப் படித்தார். பட்டறையின் கூலிக் கணக்கும் உற்பத்திச் செலவும் நீராவி இயந்திரத்துக்கு இணையாகப் பொறியாளர்கள் விவாதிக்க வேண்டிய பொருள்கள் என்பது அவர் கட்சி. 1914-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ‘பொறியியல் நிர்வாகம்’ என்ற பெயரில் இளநிலைப் படிப்பையே தொடங்கியது. இன்று உலகப் புகழ்பெற்ற ஸ்லோன் மேலாண்மைப் பள்ளி அதிலிருந்து வளர்ந்ததுதான். நம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் 14 மேலாண்மைக் கோட்பாடுகளை எழுதிய ஆன்றி ஃபயோலும் சுரங்கப் பொறியாளர். பிரான்சில் நொடித்துக்கொண்டிருந்த ஒரு சுரங்க, இரும்பு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்திய அனுபவத்திலிருந்து 1916-இல் அவர் எழுதியது அது. பதினான்கையும் வரிசை மாறாமல் எழுதும் மாணவருக்கு, எழுதியவரும் ஒரு பொறியாளர்தான் என்ற செய்தி போய்ச்சேர்வதில்லை.

நம் ஆற்றங்கரையில் இந்தக் கணக்கு இன்னும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. காவிரியின் நீர் கொள்ளிடத்தில் வழிந்து வீணாவதைத் தடுக்க, 1836-இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார் ஆர்தர் காட்டன். அந்த வேலைக்கான நியாயம் கல்லிலும் சுண்ணாம்பிலும் மட்டும் சொல்லப்படவில்லை. பாசனம் உறுதியானால் தஞ்சையிலிருந்து எவ்வளவு நிலவரி கூடும் என்பதிலும் சொல்லப்பட்டது. பின்னாளில் கடன் வாங்கிக் கட்டிய பாசன வேலைகளை ஆங்கிலேய அரசு, வட்டியைத் தானே ஈட்டித் தருபவை, தராதவை என்றே இரு வகையாகப் பிரித்துக் கணக்கு வைத்தது. மேட்டூர்த் திட்டத்தை 1910-இல் வகுத்த கர்னல் எல்லிஸும் இந்தக் கண்ணோட்டத்தைத் தாண்டியவர் அல்லர். மைசூருடன் 1924-இல் ஒப்பந்தம் ஆகி, 1925-இல் வேலை தொடங்கி, 1934-இல் அணை முடிந்தது. திட்டம் வகுத்த நாளில் இருந்த நெல் விலை முடிந்த நாளில் இல்லை. 1930-க்குப் பிந்தைய உலகப் பொருளாதார மந்தத்தில் அது கடுமையாகச் சரிந்திருந்தது. அணையின் உறுதியைக் கணக்கிட்ட கைக்கு விலையின் உறுதியைக் கணக்கிட முடியவில்லை. காலனி ஆட்சியின் கணக்கு அரசாங்கத்தின் வரவைப் பார்த்தது. குத்தகைதாரரின் வரவையும் பண்ணையாளின் கூலியையும் அது பார்க்கவில்லை. கணக்குத் தெரிந்த பொறியாளர் என்பதோடு நின்றுவிட்டால் போதாது என்பதற்கு இதுவே நமக்கு முதல் பாடம்.

சுதந்திர இந்தியா பொறியியலையும் மேலாண்மையையும் வெவ்வேறு வாசல்களில் வைத்தது. கரக்பூரில் 1951-இல் முதல் ஐ.ஐ.டி. வந்தது. கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961-இல் ஐ.ஐ.எம்.கள் வந்தன. திருச்சி - தஞ்சைப் பக்கத்திலும் அதே ஏற்பாடுதான். திருச்சியில் 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரி (இன்றைய என்.ஐ.டி.), அதில் 1978-இல் மேலாண்மைத் துறை, 1984-இல் பெல் (BHEL) வளாகத்தில் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம், 2011-இல் ஐ.ஐ.எம். தஞ்சையை அடுத்து 1984-இல் திருமலைசமுத்திரத்தில் சண்முகா பொறியியல் கல்லூரி (இன்றைய சாஸ்த்ரா), 1988-இல் வல்லத்தில் பெண்களுக்கான பெரியார் மணியம்மை பொறியியல் கல்லூரி, பிறகு செங்கிப்பட்டியில் அரசுப் பொறியியல் கல்லூரி. ஒன்றரை மணி நேரப் பேருந்துத் தொலைவுக்குள் இத்தனை இருக்கின்றன. ஆனால் பொறியியல் படித்த பிள்ளைக்கு வணிகப் பாடம் ஒழுங்காகக் கிடைப்பது, கேட் (CAT) தேர்வு எழுதி இரண்டாம் வாசலில் நுழைந்த பிறகுதான்.

இதன் விளைவு எளிதில் கண்ணில் படாது. ஐ.ஐ.எம். வகுப்புகளில் பொறியியல் பட்டதாரிகள் நிறைந்திருப்பது எல்லாரும் அறிந்தது. அவர்களில் பெரும்பாலோர் வங்கிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்கும் போகிறார்கள். படித்த பொறியியலோடு அவர்களுக்கு உறவு விட்டுப்போகிறது. பொறியியலிலேயே தங்கிவிட்டவரோ, லாப நட்டக் கணக்கைப் படிக்கத் தெரியாமலே ஓய்வு பெறுகிறார். இரண்டும் ஒரே தலையில் இருக்க வேண்டுமானால் இளநிலைப் படிப்பில்தான் அதற்கு இடம் உண்டு.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. தஞ்சை வட்டாரத்துக் கருவேலியில் 1925-இல் பிறந்த வி.கிருஷ்ணமூர்த்தி, திருச்சி பெல் கொதிகலன் ஆலையில் பணியாற்றி, பின்னர் பெல், மாருதி, செயில் என மூன்று பெரிய பொதுத்துறை நிறுவனங்களை அடுத்தடுத்துத் தலைமையேற்று நடத்தினார். மேலாண்மைப் பள்ளியில் படித்து வந்தவர் அல்லர். ஆலைத் தளத்திலேயே கற்றுக்கொண்டவர். அப்படிப்பட்ட ஒருவர் இந்த மண்ணிலிருந்து வந்தது பெருமைதான். ஆனால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்களை வெளியே அனுப்பும் கல்லூரிகள் அந்த விதிவிலக்கையே பாடத்திட்டமாக நம்பிக்கொண்டிருக்க முடியாது.

ஒரு டன் ஈர நெல்

டெல்டாவிலேயே பிறந்த ஒரு பொறியியல் சிக்கலை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர் மாவட்டம் 1960-61-இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கான முதல் மாவட்டங்களில் ஒன்றாகத் தேர்வானது. 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் குறுகிய கால ரகமான ஏ.டி.டி. 27 குறுவையில் வேகமாகப் பரவியது. விளைச்சல் கூடியது. ஆனால் அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வந்து நின்றது. களத்தில் நெல் நனைந்தது, குவியலில் சூடேறியது, முளைத்தது. இந்த ஈர நெல்லைக் காப்பாற்ற வழி தேடித்தான் 1967-இல் திருவாரூரில், தஞ்சாவூர் கூட்டுறவு விற்பனை இணையத்தின் நவீன அரிசி ஆலை வளாகத்தில், நெல் பதன ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலைக்கு வந்து, 2008-இல் இந்தியப் பயிர்ப் பதனத் தொழில்நுட்பக் கழகமாகி, 2021-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதியோடு ‘நிஃப்டெம் - தஞ்சாவூர்’ ஆனது. அங்கே உணவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிப்பு நடக்கிறது. நிறுவனம் வளர்ந்த இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அக்டோபரில் தார்ச்சாலையில் நெல் காய்வதும், கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைப்பதும் செய்தியாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. உலர்த்தி செய்யத் தெரியாததால் வந்த நிலை அல்ல இது. உலர்த்தும் இயந்திரங்கள் எப்போதோ வந்துவிட்டன.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு டன் நெல் 22 சதவீத ஈரத்தோடு அறுவடையாகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரடிக் கொள்முதல் நிலையத்தின் வரம்பு 17 சதவீதம். ஆயிரம் கிலோவில் நீர் 220, உலர்பொருள் 780. ஈரத்தை 17-க்கு இறக்கினால் மொத்த எடை சுமார் 940 கிலோவாகும். அதாவது 60 கிலோ நீர் போக வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.5 மெகாஜூல் என்றால், 60 கிலோவுக்கு 150. உலர்த்தி பாதித் திறனில் ஓடினால் 300 மெகாஜூல். ஒரு கிலோ உமி எரிந்தால் சுமார் 13 மெகாஜூல் கிடைக்கும். ஆக 23 கிலோ உமி போதும். ஒரு டன் நெல்லை அரைத்தால் 200 கிலோ உமி வருகிறது. வெப்ப இயக்கவியல் தாளில் இங்கே விடைக்குக் கீழே கோடு போட்டுவிடலாம். எரிபொருள் பயிருக்குள்ளேயே இருக்கிறது, சிக்கல் தீர்ந்தது.

தீரவில்லை. உமி ஆலையில் கிடக்கிறது, ஈர நெல் வயலில் கிடக்கிறது. நாளைக்கு 10 டன் காயவைக்கும் உலர்த்திக்கு, கணக்குக்காக, 12 லட்சம் ரூபாய் விலை, 10 ஆண்டு ஆயுள், 10 சதவீத வட்டி என்று வைப்போம். அசலும் வட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 1.95 லட்சம் ரூபாய். மழையோடு வரும் குறுவை அறுவடைக்கு மட்டும் 40 நாள் ஓடினால் 400 டன். டன்னுக்கு 488 ரூபாய் முதலீட்டுச் செலவு. அதே இயந்திரத்தை மக்காச்சோளத்துக்கும் உளுந்துக்கும் சேர்த்து 160 நாள் ஓட்ட முடிந்தால் டன்னுக்கு 122 ரூபாய். வெப்பத் திறனைப் பாதியிலிருந்து முக்கால்வாசியாக உயர்த்த மாணவர் ஒரு வருடம் முழுக்கப் புராஜெக்ட் செய்யலாம். மிச்சமாவது டன்னுக்கு எட்டு கிலோ உமி. இயந்திரம் எத்தனை நாள் சும்மா நிற்கிறது என்ற ஒரே கேள்வியில் 366 ரூபாய் அடங்கியிருக்கிறது. எதில் மூளையைச் செலவிட வேண்டும் என்பதைக் காட்டியது கணக்கியல் தாள்தான்.

இது இயந்திரம் வைத்திருப்பவரின் புத்தகம். இனி விவசாயியின் புத்தகம். 2025-26 பருவத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துப் பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். உலர்த்தியில் ஆவியாகும் 60 கிலோ நீரும் எடைமேடையில் கிலோ 25 ரூபாய்ப் பொருள். டன்னுக்கு 1,500 ரூபாய். ஈர ஆண்டுகளில் வரம்பை 22 சதவீதம் வரை தளர்த்தச் சொல்லி விவசாயிகளும் மாநில அரசும் மத்திய அரசைக் கேட்பது வழக்கம். அந்தத் தளர்வு கிடைத்தால், காசு கொடுத்துக் காயவைத்தவருக்கு 23,500 ரூபாய், காயவைக்காதவருக்கு 25,000 ரூபாய். தளர்வு கிடைக்காமல் குவியல் முளைத்துப் போனால் காயவைக்காதவருக்கு ஒன்றுமில்லை. பத்து மழைக்கால அறுவடைகளில் ஒன்று முழுதாகக் கெடும் என்று ஒருவர் எண்ணினால் டன்னுக்கு 2,500 ரூபாய் எதிர்பார்ப்பு இழப்பு. நிகழ்தகவை ஏற்கெனவே படித்து முடித்த மாணவருக்கு இந்தக் கணக்கு கடினமே அல்ல. அதை நெல் மேல் போட்டுப் பார்க்க யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, கொள்முதல் நிலையங்களை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் புத்தகம். அங்கே அதே 60 கிலோ நீர் எதிர்ப்பக்கத்தில் ஏறுகிறது: அரிசியாகாத பொருளுக்குக் கொடுத்த 1,500 ரூபாய், அதற்கு மேல் திறந்தவெளிக் கிடங்கில் கறுக்கும் மூட்டைகள். கொள்முதல் நிலையத்தில் ஒரு கைப்பிடி நெல்லை ஈரப்பதமானியில் போட்டு எண்ணைப் பார்க்கும் அந்த அரை நிமிடத்தில் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏன் குரல் உயர்கிறது என்பது இந்த இரண்டு புத்தகத்தையும் அருகருகே வைத்தால்தான் புரியும். இதில் யாரும் கெட்டவர் அல்லர். 60 கிலோ நீரின் விலையை யார் ஏற்பது என்று முடிவாகாமல் இருக்கிறது.

இன்னொன்று. இரண்டு ஏக்கர்க்காரரின் குறுவை மொத்தமும் இந்த உலர்த்திக்கு அரை நாள் வேலைதான். எனவே தனியாக ஒருவர் வாங்க மாட்டார். சேர்ந்து வாங்க வேண்டும். அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. உழவர்கள் பங்குதாரர்களாக இருந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு 2002-இல் கம்பெனிச் சட்டம் இடம் தந்தது. 2020-இல் நாடு முழுவதும் 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் மத்தியத் திட்டம் வந்தது. ஆனால் மழை வெறித்த மறுநாள் ஊரே ஒன்றாக அறுக்கும். நாளைக்கு 10 டன்தான் முடியும். வாசலில் 80 டன் நிற்கும். யார் நெல் முதலில்? முன்னால் வந்தவருடையதா, ஈரம் அதிகம் உள்ளதா, பங்குத்தொகை கூடப் போட்டவருடையதா, குத்தகைக்குச் செய்யும் ஏழையுடையதா? மேலாண்மை என்றால் இதுதான். பாடநூலில் வரும் மாஸ்லோவின் தேவைகள் முக்கோணத்தை வரைந்து பாகங்களைக் குறிப்பது இதற்கு விடை தராது. வரிசைக் கோட்பாடு, செலவுப் பங்கீடு, உறுப்பினர் முன்னால் கணக்கை வாசித்துக் காட்டும் திறம் ஆகியவை விடை தரும். இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு இயந்திரமும் தெரிந்து இருப்புநிலைக் குறிப்பும் படிக்கத் தெரிந்த நிர்வாகி தேவை. வல்லத்திலும் செங்கிப்பட்டியிலும் திருமலைசமுத்திரத்திலும் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளை விட அதற்குப் பொருத்தமானவர் யார்?

நான்காவது புத்தகம்

வணிகப் பாடத்தை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திக்கொள்கிறார்கள். நான்காவதாக ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. கூலி வேலை செய்பவருடையது. செலவுப் பட்டியலில் ‘ஆட்கூலி’ என்ற வரியைச் சுருக்குவதே திறமை என்று பாடநூல் சொல்லித்தருமானால், அதை இந்த மண்ணில் அப்படியே சொல்லிக்கொடுக்கக் கூடாது. கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். அறுவடைக் கூலியை உயர்த்திக் கேட்ட போராட்டம் அதன் பின்னணியில் இருந்தது. கூலி என்ற வரியை இங்கே எழுதும்போது கை கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அறுவடை இயந்திரத்தையே பாருங்கள். சேற்று வயலுக்கு பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, மணிக்கணக்கில் வாடகை. ஆள் கிடைக்காத காலத்தில் விவசாயிக்கு அது உயிர்நாடி. மழை வருவதற்குள் முடித்துவிடலாம். ஆனால் கதிர் அறுத்தும் களத்தில் அடித்தும் கூலி நெல் கொண்டுபோன பெண்களின் வேலைநாட்கள் அந்த வாடகைக் கணக்கின் எந்தப் பத்தியிலும் வராது. வண்டி நசுக்கிப் போட்ட வைக்கோலை வாரிக் கட்ட இன்னொரு இயந்திரத்துக்குத் தனி வாடகை. மாடு வைத்திருப்பவருக்கு அதுவும் செலவு. இயந்திரம் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதன் முழுச் செலவையும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்கிறேன்.

இதே விவாதம் ஜாவா தீவில் நடந்து பதிவாகியிருக்கிறது. இந்தோனேசியாவில் வெயிலில் உலர்த்தும் சிறு ஆலைகளா, இயந்திர உலர்த்தியும் சேமிப்புக் கலன்களும் கொண்ட பெரிய ஆலைகளா என்ற கேள்வியை 1973-இல் பொருளியலாளர் பீட்டர் டிம்மர் ஆராய்ந்தார். அந்நாட்டுக் கூலிக்கும் வட்டிக்கும் சிறு ஆலைகளே பொருத்தம் என்பது அவர் முடிவு. மறு ஆண்டே வில்லியம் கோலியரும் உடன் பணியாற்றியவர்களும் மறுப்பு எழுதினார்கள்: அந்தச் சிறு ஆலைகளே கையால் நெல் குத்திப் பிழைத்த பெண்களின் வேலையை அள்ளிக்கொண்டு போய்விட்டன, அந்த இழப்பு எங்கே கணக்கில் வந்தது என்று. எந்த ஆலையின் வெப்பத் திறன் எவ்வளவு என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. யாருடைய புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவது என்பதில்தான் சண்டை. திருவாரூர் நவீன ஆலை வந்த காலத்திலேயே நம் கல்லூரிகளில் இந்தக் கேள்வி வகுப்பறைக்கு வந்திருக்க வேண்டும். இன்றைக்காவது இந்த இரண்டு கட்டுரைகளையும் ஒரு மணி நேரம் வகுப்பில் விவாதித்தால், ஒரு பருவம் முழுக்க நடத்தும் வரையறைகளை விட அது மாணவர் மனத்தில் நிற்கும்.

தாளும் தேர்வும்

இப்போது நடப்பது என்ன? மேலாண்மைக் கோட்பாடுகள் என்ற தாளுக்கு 45 மணி நேரம், ஐந்து அலகு. அறிமுகம், திட்டமிடல், அமைத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல். தேர்வில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள், ஒரு பதினைந்து. இதில் ரூபாய் என்ற சொல்லே வராமல் ஒரு மாணவர் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். பொறியியல் பொருளாதாரமும் நிதிக் கணக்கியலும் என்ற தாள் அப்படி அல்ல. தேவை, உற்பத்திச் செலவு, விலை, கணக்குப்பதிவு, முதலீட்டு முடிவு என்று அதன் எலும்புக்கூடு சரியாகவே இருக்கிறது. மேலே நான் போட்ட பணக்கணக்கில் பெரும்பகுதி அந்தத் தாளின் கடைசி இரண்டு அலகுக்குள் அடங்கும். என் வாக்கு அதற்கே.

ஆர்வமுள்ளவர்களுக்கு மைனர் டிகிரி என்ற வழியும் உண்டு. 2018-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தன் மாதிரிப் பாடத்திட்டத்தில் மொத்தக் கிரெடிட்டை 160-ஆகக் குறைத்து, அதில் கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கும் மேலாண்மைக்கும் சேர்த்து 12 ஒதுக்கியது. கூடுதலாகப் படிப்பவர்களுக்குத் தனிச் சான்றும் தரச் சொன்னது. அண்ணா பல்கலைக்கழகம் 2021 ஒழுங்குமுறையில் 18 கூடுதல் கிரெடிட்டுக்கு மைனர் டிகிரி தருகிறது. நிதித் தொழில்நுட்பம், தொழில்முனைவு, வணிகத் தரவுப் பகுப்பாய்வு போன்ற பிரிவுகள் உள்ளன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 7.50 சி.ஜி.பி.ஏ. நுழைவுத் தகுதி. கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம்பிடித்து, முதல் ஆண்டு ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டி மதிப்பெண்ணில் பின்தங்கிய பிள்ளைக்கு இந்தக் கதவு திறக்காது. சொசைட்டிக் கடனையும் உர மூட்டை பாக்கியையும் அறுவடை வாடகையையும் வீட்டில் அப்பா எழுதிவைக்கும் நோட்டைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை அது. வணிகப் பாடத்தை எல்லாரையும் விட வேகமாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய மாணவர் வெளியே நிற்கிறார். இந்த நிபந்தனை தளர வேண்டும்.

பாடச்சுமை கூடிவிடும், கோர் பாடங்கள் நீர்த்துப்போகும் என்று ஆசிரியர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். கூடுதலாக ஒரு மணி நேரமும் கேட்கவில்லை. இருக்கும் 45 மணி நேரத்தைத்தான் கேட்கிறேன். எப்படியும் எல்லாரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் மென்பொருள் வேலைக்குத்தானே போகிறார்கள் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போகட்டும், அது அவர்கள் உரிமை. போகாமல் இங்கேயே இருக்க விரும்பும் பத்துப் பேருக்கு இங்கே என்ன தொழில் செய்யலாம் என்று கணக்குப் போடக் கற்றுத்தராமல், அவர்களும் போகிறார்களே என்று வருந்துவதில் பயனில்லை. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றினோம். எண்ணெய், எரிவாயு ஆய்வு, உருக்காலை போன்றவை புதிதாக வரக் கூடாது என்று சரியாகவே முடிவெடுத்தோம். அப்படியானால் நெல்லையும் தென்னையையும் உளுந்தையும் சுற்றி எழும் தொழில்கள்தான் இந்த மாவட்டங்களின் எதிர்காலம். அவற்றை நடத்தப் போகிறவர்கள் இப்போது ஏழாம் பருவத்தில் இருக்கிறார்கள்.

கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. பட்டியலில் உள்ள ஆறு தாள்களில் பொறியியல் பொருளாதாரமும் நிதிக் கணக்கியலும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அக மதிப்பீட்டுக்கு வரையறைகளைக் கேட்காமல், ஓர் இயந்திரத்தை விவசாயி, உரிமையாளர், கழகம், கூலித் தொழிலாளி ஆகிய நால்வர் பக்கமிருந்தும் கணக்கிட்டு எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பக்கத்து ஊர்க் கொள்முதல் நிலையத்துக்கும் ஓர் அரிசி ஆலைக்கும் மாணவர்களை அனுப்புங்கள். ஏழாம் பருவ வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும்போதே செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுவடை வந்துவிடுகிறது. இதற்கு அரசாணை வேண்டாம், புதுப் பாடத்திட்டம் வேண்டாம், தனி நிதியும் வேண்டாம். துறைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.